வீடு காலி பண்றோம், ஓவன்ல செல்ஃப் க்ளீன் போடலாமா? வீட்ல லவ் பேர்ட்ஸ் வேற இருக்கு

புளிக்காய்ச்சல்:

எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சில எடிசன் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கோம், அடுத்த மாசக் கடைசில காலி பண்ணிட்டு நார்த் கரோலினா போறோம். லீசிங் ஆபீஸ்ல ஒரு செக்லிஸ்ட் குடுத்தாங்க, மத்தது எல்லாம் சாதா எழுத்துல இருக்கு, ஓவன் மட்டும் தடிச்ச எழுத்துல, உள்ள கிரீஸ் இருந்தா டெபாசிட்ல பிடிச்சுக்குவோம்னு.

நம்ம வீடுங்கள்ல ஓவன் எதுக்குன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, ரொம்ப வருஷம் அது கடாயும் தோசைக்கல்லும் குழிப்பணியாரச் சட்டியும் அடுக்கி வெக்கிற எடமாத்தான் இருந்துச்சு. அப்புறம் லாக்டவுன்ல என் வீட்டுக்காரருக்கு திடீர்னு சமையல் ஆர்வம் வந்து தந்தூரி சிக்கன், ஃபிஷ் டிக்கான்னு கம்பி மேல நேரா வெச்சு சுட ஆரம்பிச்சாரு, கீழ ஒரு ட்ரே வெக்கணும்ங்கற நெனப்பே கிடையாது, அந்த எண்ணெயும் தயிர் மசாலாவும் சொட்டிச் சொட்டி இப்ப அடில ரோட்டுல தார் ஊத்துன மாதிரி கெட்டியா கெடக்கு. கரண்டியால சுரண்டிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது.

பேனல்ல செல்ஃப் க்ளீன்னு ஒரு பட்டன் இருக்கு, ஓவன் பயங்கரமா சூடாகி உள்ள இருக்கற அழுக்கை அதுவே எரிச்சுடுமாம், இத்தனை வருஷத்துல அதத் தொட்டதே இல்ல. அமுக்கினா 3 மணி நேரம்னு காட்டுது. என் சந்தேகம் என்னன்னா, உள்ள இருக்கற கம்பி ரேக்க எடுத்துடணுமா இல்ல அதுவும் சேந்து க்ளீன் ஆயிடுமா? முன்னாடியே கடைல விக்கற ஓவன் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சுட்டு போட்டா இன்னும் நல்லா வருமா? அடில ஃபாயில் ஒண்ணு விரிச்சிருக்கேன், அது அப்படியே இருக்கலாமா? புகை வரும்னு சொல்றாங்க, எங்க பில்டிங்ல ஒரு வீட்ல அலாரம் அடிச்சா மொத்த மாடியும் வெளில வந்து நிக்கணும். அதோட பொண்ணு லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வளக்கறா, கூண்டு ஹால்ல இருக்கு, கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல சுவரே கிடையாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்காபரோ_அன்ரி:

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். மற்றதெல்லாம் பிறகு, முதல்ல அந்தக் குருவியள வீட்டை விட்டு அனுப்புங்கோ. ஓவனோட வாற புத்தகத்திலயே எழுதியிருப்பாங்கள், சில பறவையளுக்கு இந்தப் புகை துண்டா ஆகாது, நல்லா காத்தோட்டம் இருக்கிற வேற அறைக்குக் கொண்டுபோங்கோ எண்டு. ஆனா அபார்ட்மென்டில வேற அறை எண்டா ரெண்டு எட்டு தள்ளித்தானே, அதே ஹீட்டிங் குழாயால அதே காத்துத்தான் சுத்தி வரும். தெரிஞ்ச ஆக்கள் வீட்டில ஒரு நாள் ரெண்டு நாள் விட்டுட்டு, வீட்டு மணம் முழுக்கப் போன பிறகு கொண்டுவாங்கோ. பறவையின்ர நெஞ்சு எங்கட மாதிரி இல்லை, மூச்சுக்காத்து ஒரே பக்கமா ஓடுறதால காத்தில என்ன கலந்திருந்தாலும் கெதியா உடம்பில ஏறிவிடும். நான்ஸ்டிக் சட்டி ஒண்டு தவறி உள்ளுக்க இருந்திட்டா இன்னும் மோசம், அந்த டெஃப்லான் பூச்சு 500 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே கெடத் தொடங்கும், செல்ஃப் க்ளீனில அதை விட எவ்வளவோ மேல போகும். எங்களுக்குத் தொண்டை கரகரக்கும், குருவிக்கு உயிரே போகும்.

ரேக் எல்லாத்தையும் வெளியில எடுங்கோ. வெள்ளி நிறத்தில மினுங்கிற கம்பி எண்டா கட்டாயம் எடுக்க வேணும், அந்தச் சூட்டுக்கு மங்கி நீலம் பாஞ்சு போகும், பிறகு உள்ளுக்க தள்ளினா வழுக்காது, கிறீச் எண்டு இழுபடும். அப்பிடி ஆயிட்டா ஓரத்தில கொஞ்சம் மரக்கறி எண்ணெய் தடவினா ஓடும். சாம்பல் நிறத்தில எனாமல் பூசின ரேக் எண்டா உள்ளுக்க விடலாம் எண்டு சில புத்தகத்தில இருக்கும்.

ஃபாயிலைத் தயவுசெய்து எடுங்கோ. அது அடியில ஒட்டிப் பிடிச்சா எந்த மருந்துக்கும் வராது, டெபாசிட்டும் அதோட போயிடும்.

கீழ ஒரு லாச்சி, அதான் டிராயர், இருக்கும் பாருங்கோ, அதுக்குள்ள நாங்கள் எல்லாரும் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, பிரஷர் குக்கர் வாசர் எண்டு அடைஞ்சு வைச்சிருப்பம், அதையும் காலி பண்ணுங்கோ. ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேல இருக்கிற ஃபேனைப் போட்டு விடுங்கோ. நான் மார்கழி தையில போடவே மாட்டன், இஞ்ச மைனஸ் 15 நிக்கேக்க ஜன்னலைத் திறந்தா வீடு குளிர்ப்பெட்டிதான். சனி ஞாயிறில போடுவன், அப்பதான் ஹைட்ரோ பில்லும், அதான் கரண்ட் பில், குறைவு, ஆக்களும் வீட்டில முழிச்சிருப்பினம். இரவில போட்டிட்டுப் படுக்கிற வேலை வேண்டாம்.

சர்வீஸ்_பாண்டி:

அக்கா, நான் ஹூஸ்டன்ல அப்ளையன்ஸ் சர்வீஸ் வேலை பாத்தவன், இப்ப வேற லைன். என்னைக் கேட்டா வீடு காலி பண்ற நேரத்துல அந்தப் பட்டனைத் தொடாதீங்க. சுத்தம் ஆகாதுன்னு சொல்லல, நல்லாவே ஆகும். ஆனா ஓவன்ல எது ரிப்பேர் ஆகணும்னு காத்துக்கிட்டு இருக்கோ அது அன்னிக்குத்தான் போகும். அமெரிக்காவுல தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்துன வாரம் சர்வீஸ் ஆளுங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, பாதிப் பேரு சொல்றது ஒரே கதை, விருந்தாளி வராங்கன்னு செல்ஃப் க்ளீன் போட்டேன், இப்ப ஓவன் சூடே ஆகல, இல்லன்னா கதவு தொறக்கல.

என்ன ஆகுதுன்னா, சாதாரணமா நாம 350, 400 டிகிரில சமைக்கிறோம், மிஞ்சிப் போனா 550. செல்ஃப் க்ளீன்ல அது கிட்டத்தட்ட 880 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 470 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போயி மணிக்கணக்கா நிக்கும். ஓவன் பெட்டிக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா அதுக்குப் பின்னாடியும் மேலயும் இருக்கற சாமான், அதாவது கண்ட்ரோல் போர்டு, கதவு லாக் பண்ற சின்ன மோட்டார், வயரிங், இதெல்லாம் அந்தச் சூட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. சூடு எல்லை தாண்டினா கரண்டை வெட்டி விட ஒரு தெர்மல் ஃபியூஸ் வெச்சிருப்பான், அது அதோட வேலையைச் செஞ்சா நாம ஓவன் செத்துப் போச்சுன்னு நெனச்சுக்குவோம், கடிகாரம் எரியும், லைட் எரியும், சூடு மட்டும் வராது. சில மாடல்ல அத ரீசெட் பண்ணலாம், சிலதுல மாத்தணும். சாமான் விலை கம்மி, ஆனா சுவருக்குள்ள பதிச்ச வால் ஓவன்னா மொத்தத்தையும் வெளில இழுக்கணும், அதுக்கே ரெண்டு ஆளு. போர்டு போச்சுன்னா சில நூறு டாலர். வால் ஓவன்லதான் இந்தத் தொந்தரவு ஜாஸ்தி, காத்து போக வழி கம்மி, கூலிங் ஃபேன்ல தூசி அடைச்சிருந்தா கேக்கவே வேணாம்.

கிரீஸுக்கு பிடிக்கற காசை விட போர்டுக்கு பிடிக்கற காசு பெருசு. அவ்ளோதான் கணக்கு.

எனாமல்_எஞ்சினியர்:

பாண்டி சொல்றதுல உண்மை இருக்கு ஆனா பாதிதான். சர்வீஸ் ஆளு பாக்கறது எல்லாம் பழுதான ஓவன், ஒழுங்கா ஓடின ஓவன்காரன் யாரும் அவருக்கு ஃபோன் பண்ணி நல்லா ஓடுச்சுன்னு சொல்ல மாட்டான்ல? இது ஒண்ணும் புது விஷயமும் இல்ல, ஜெனரல் எலக்ட்ரிக் 1963லயே இத விக்க ஆரம்பிச்சுட்டான். உள்ள பூசியிருக்கற எனாமல் ஒரு வகைக் கண்ணாடி, அத ஃபேக்டரில இரும்பு மேல உருக்கி ஒட்ட வெக்கறதே 800 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, அதனால 470 அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. எண்ணெய், மசாலா, சர்க்கரை எதுவா இருந்தாலும் அந்தச் சூட்டுல ஆவியும் புகையுமா போயி கடைசில ஒரு கைப்பிடி சாம்பல் மிஞ்சும், ஈரத்துணியால ஒரு இழுப்பு, முடிஞ்சது. இன்னொரு லாபம் யாரும் சொல்றதில்ல, இந்தச் சூட்டை வெளிய விடாம இருக்க இந்த ஓவன்ல இன்சுலேஷன் ஜாஸ்தியா அடைச்சிருப்பான், அதனால தினசரி பேக்கிங்லயும் சூடு வீணாகறது கம்மி. ஒரு தடவை ஓடறதுக்கு கரண்டு சுமாரா நாலஞ்சு யூனிட், நியூ ஜெர்சி ரேட்ல ஒரு காபி காசு கூட வராது.

பிரச்சனை எங்க வருதுன்னா நம்ம ஆளுங்க அஞ்சாறு வருஷ அழுக்கைச் சேத்து வெச்சு ஒரே நாள்ல 4 மணி நேர சைக்கிள் போடுவாங்க. புளிக்காய்ச்சல் சொல்ற அந்த கெட்டி எண்ணெய் அப்படியே உள்ள இருந்தா அது அழுக்கு இல்ல, எரிபொருள். நெருப்பு புடிக்கும். அதனால செல்ஃப் க்ளீன்ங்கறது கையால துடைச்ச பிறகு மிச்சம் இருக்கறதுக்குத்தான். முதல்ல தேங்கி நிக்கற எண்ணெய், உதிர்ற கரி எல்லாத்தையும் பிளாஸ்டிக் சுரண்டி வெச்சு எடுத்துட்டு, சோப்புத் தண்ணில தொடச்சு, நல்ல தண்ணில ஒரு தடவை தொடச்சு காய விடுங்க.

அடுத்து, கதவை ஒட்டி ஓவன் வாயைச் சுத்தி கயிறு மாதிரி பின்னின ஒரு கேஸ்கெட் இருக்கும், அதுல கை வெக்காதீங்க, தேய்க்காதீங்க, நனைக்காதீங்க. கண்ணாடி நார்ல பின்னினது, நசுங்கினா அந்த எடத்துல சூடு வெளிய கசிஞ்சு கைப்பிடி, பட்டன் எல்லாத்தையும் சுடும். ஆனா அந்தக் கேஸ்கெட்டுக்கு வெளில இருக்கற ஃப்ரேமையும், கதவோட உள்பக்கம் கேஸ்கெட்டுக்கு வெளில விழற ஓரத்தையும் கையாலதான் க்ளீன் பண்ணணும். அந்த எடம் சூடாகும், ஆனா சாம்பலாகற அளவுக்கு ஆகாது, அதனால அங்க இருக்கற கறை இன்னும் இறுகிப் போயி ஆயுசுக்கும் அங்கயே இருக்கும். செல்ஃப் க்ளீன் சரியா வேலை செய்யலன்னு குறை சொல்றவங்க முக்கால்வாசி பேரு இந்த ஓரத்தைத்தான் காட்டுவாங்க.

ஸ்ப்ரே கண்டிப்பா வேணாம். அதுல இருக்கற காரம், அதாவது ஆல்கலி, எனாமல்ல துளி மிஞ்சினாலும் செல்ஃப் க்ளீன் சூட்டுல எனாமலை அரிச்சு வெள்ளத் திட்டு விழும், வர்ற புகையும் நல்லதில்ல. சில டப்பாவுல செல்ஃப் க்ளீன் ஓவனுக்கும் ஏத்ததுன்னே அச்சடிச்சிருப்பான், ஆனா ஓவன் மேனுவல் பொதுவா எந்த க்ளீனரும் வேணாம்னுதான் சொல்லும், நான் ஓவன் செஞ்சவன் பேச்சைத்தான் கேப்பேன்.

சைக்கிள் நேரம் கம்மியா வைங்க, பல மாடல்ல 2 மணி நேரம் இருக்கும், அதுக்கு மேல ஆற ஒரு மணி நேரம், அது வரைக்கும் கதவு பூட்டியே இருக்கும், இழுக்காதீங்க. ஓடும்போது மேல அடுப்புல எதுவும் வெக்காதீங்க, குழந்தைங்க கதவு பக்கம் போகக் கூடாது, கண்ணாடி வெளிப்பக்கமே சுடும். நான் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போடறேன், பெரிய விருந்து முடிஞ்ச பிறகு, முன்னாடி இல்ல. இந்த ஒரு விஷயத்துல மட்டும் பாண்டி கட்சி.

சர்வீஸ்_பாண்டி:

சரிண்ணே, வருஷா வருஷம் ஒழுங்கா போடறவருக்கு நான் எதுவும் சொல்லல. ஆனா அவங்க ஓவன் பல வருஷமா ஒரு தடவை கூட அந்தச் சூட்டைப் பாக்காத வாடகை வீட்டு ஓவன், எத்தனை குடித்தனம் கண்டதோ. அதுல போயி பரிசோதனை வேணாம்னுதான் சொல்றேன்.

போட்டே ஆகணும்னா இத மட்டும் தெரிஞ்சுக்கங்க. ஓடும்போது உள்ள நெருப்பு தெரிஞ்சா பதறிக்கிட்டு கதவைத் தொறக்கப் போகாதீங்க, பூட்டியிருக்கறதே உங்க நல்லதுக்கு, காத்து பத்தாம அதுவே அடங்கும். கேன்சல் அமுக்குங்க, எலக்ட்ரிக் பேனல்ல ஓவன் பிரேக்கரையும் இறக்கி விடுங்க, புகை அடங்காம வெளில வந்துக்கிட்டே இருந்தா எல்லாரும் வெளில போயி 911. அலாரம் அடிக்கும்னு சில பேரு பேட்டரிய கழட்டி வெக்கறாங்க, அந்த வேலையே கூடாது, முக்கியமா கார்பன் மோனாக்சைடு அலாரம். அழுக்கு எரியும்போது கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு வரத்தான் செய்யும், கேஸ் ஓவனா இருந்தா பர்னர் வேற ஓடுது. ஜன்னல் தொறந்திருந்து ஃபேன் ஓடினா பொதுவா அலாரம் அடிக்கற அளவுக்குப் போகாது, அப்படியும் அடிச்சா அது விளையாட்டுக்கு இல்லன்னு நெனச்சு கெளம்பிடுங்க. ஆஸ்துமா இருக்கறவங்க, கைக்குழந்தை எல்லாரும் அன்னிக்கு வேற எங்கயாவது இருக்கறது உத்தமம்.

புளிக்காய்ச்சல்:

ஐயோ இவ்ளோ விஷயம் இருக்கா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அன்ரி, பேர்ட்ஸ பொண்ணோட ஃபிரெண்டு வீட்ல விடறதா பேசியாச்சு, எப்படிப் பாத்தாலும் பேக்கிங் தூசில இருக்க வேணாம்.

நீங்க எல்லாம் சொன்ன பிறகு பேனலை சரியா பாத்தேன், செல்ஃப் க்ளீனுக்குப் பக்கத்துலயே ஸ்டீம் க்ளீன்னு இன்னொண்ணும் இருக்கு. அது போட்டா போதுமா? ரேக் வெள்ளிக் கம்பிதான், எடுத்துடறேன். இன்னொரு சந்தேகம், யூடியூப்ல ஒருத்தர் துரு பிடிச்ச வார்ப்பு இரும்பு தோசைக்கல்லை செல்ஃப் க்ளீன்ல வெச்சு எடுத்தா பழைய பிசுக்கு எல்லாம் உரிஞ்சு புதுசு மாதிரி வந்துடும்னு காட்டறாரு. எங்கிட்ட மாமியார் குடுத்த கல்லு ஒண்ணு இருக்கு, ஓரத்துல எண்ணெய் கட்டி கட்டியா ஏறி இருக்கு. ஒரே வேலையா அதையும் உள்ள வெச்சுடலாமான்னு...

கல்லுதோசை:

ஏனுங்க்கா, அந்தக் கல்ல மட்டும் உள்ள வெச்சுறாதீங்க. எனக்கு ஊரு பொள்ளாச்சிப் பக்கம், இப்போ டாலஸ்ல இருக்கறனுங்க, பழைய இரும்புச் சாமானத்தப் புதுப்பிக்கறது ஒரு கிறுக்கு. யூடியூப்காரரு சொல்றது நடக்குமுங்க, இல்லீங்கல. பிசுக்கு சாம்பலாயி உதுரத்தான் செய்யும். ஆனா பழைய வார்ப்புல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்துச்சுன்னா அந்தச் சூட்டுக்கு விரிஞ்சு ரெண்டாப் போயிரும், கீறல் இல்லீன்னாலும் கல்லு கோணிக்கலாமுங்க. தோசைக்கல்லு கோணுச்சுன்னா அப்பறம் மாவு ஊத்துனா ஒரு பக்கமாவே ஓடும், அதைய வெச்சு என்னத்த பண்றதுங்க? அதுமில்லாம ஓரத்துல கட்டியா இருக்கற எண்ணெய் அத்தனையும் உள்ள எரியோணும், புகைக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்.

அதுக்கு வேற வழி இருக்குங்க. ஓவனுக்குள்ள அடிக்க வேண்டாம்னு அண்ணன் சொன்னாருல்ல, அதே காரமான ஸ்ப்ரே, மஞ்சள் மூடி போட்டது, அதுதான் கல்லுக்கு மருந்து. வெளிய பால்கனில வெச்சு, கையுறையும் கண்ணாடியும் போட்டுட்டு, கல்லு மேல பூராம் அடிச்சு, தடிச்ச குப்பைப் பையில போட்டு காத்துப் புகாமக் கட்டி வெச்சுருங்க. ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு எடுத்து கழுவுனா பிசுக்கு பூரா குழம்பு குழம்பா வந்துரும். பிடிவாதமா இருந்தா மறுக்கா ஒருக்கா. அந்தக் காரம் இரும்பத் தின்னாதுங்க, எண்ணெயத்தான் திங்கும். அலுமினியச் சட்டில மட்டும் அடிச்சுறாதீங்க, அரிச்சுப் போடும். துரு இருந்துச்சுன்னா அது தனி, அதுக்கு வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து கொஞ்ச நேரம் ஊற வெச்சுத் தேய்ச்சு, உடனே அடுப்புல காய வெச்சு எண்ணெய் தடவிப் பழக்கோணும். வினிகர்ல விட்டுப்போட்டு மறந்தறக் கூடாது, அது இரும்பையும் திங்கும்.

மெல்போர்ன்_மாப்ள:

ஊடால ஒரு விஷயம், இதப் படிக்கற ஆஸ்திரேலியா, லண்டன் ஆளுங்களுக்கு. நம்ம பக்கம் பேனல்ல பைரோலிடிக்னு போட்டிருந்தாத்தான் மேல பேசற அந்தச் சூட்டுச் சமாச்சாரம். நெறைய வீட்ல இருக்கறது கேட்டலிடிக் லைனர், ஓவன் உள்ள பக்கவாட்டுல தொட்டா சொரசொரன்னு சாம்பல் கலர் தகடு இருக்கும். அதுக்குத் தனி பட்டன் கிடையாது, 200, 250 டிகிரி செல்சியஸ்ல வெறும் ஓவனை ஒரு மணி நேரம் ஓட விட்டா தெறிச்ச எண்ணெயை அதுவே உறிஞ்சி எரிச்சுடும். அந்தத் தகட்டை ஸ்க்ரப் போட்டுத் தேச்சாலோ க்ளீனர் அடிச்சாலோ துவாரம் அடைச்சு அதோட கதை முடிஞ்சது. கண்ணாடி, அடிப்பக்கம் எல்லாம் வழக்கம்போல கைவேலை. ஊர்ல கவுண்டர் மேல வெக்கற ஓடிஜி இருக்குல்ல, அதுல இந்த ரெண்டும் இருக்காது, வீணா பட்டன் தேட வேணாம்.

எனாமல்_எஞ்சினியர்:

ஸ்டீம் க்ளீன் பத்தி கேட்டிருந்தீங்க. ஆறின ஓவன் அடில ஒரு கப் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் லேசான சூட்டுல ஓட விடறது, நேத்து கேக் மாவு வழிஞ்சது, சீஸ் சொட்டினது இதுக்கெல்லாம் நல்லாருக்கும். புகை கிடையாது, போர்டுக்கும் ஆபத்து கிடையாது. உங்க லாக்டவுன் தந்தூரிக்கு அது காணாது, மேல இருக்கறத கொஞ்சம் இளக்கிக் குடுக்கும், அவ்ளோதான். தண்ணி அளவு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல பாத்துக்குங்க. மாடல் நம்பர் கதவைத் தொறந்தா ஓரத்துல ஸ்டிக்கர்ல இருக்கும், இல்லன்னா கீழ டிராயரை இழுத்தா ஃப்ரேம்ல, அத வெச்சு தேடினா மேனுவல் கெடைக்கும்.

உங்க கேஸ்ல எது பண்ணினாலும் லீசிங் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க. செல்ஃப் க்ளீன்தான்னு முடிவு பண்ணினா காலி பண்றதுக்கு முந்துன நாள் வேணாம், ஒரு ரெண்டு வாரம் முன்னாடி பண்ணினா ஏதாவது ஆனாலும் அது குடியிருக்கும்போது வந்த ரிப்பேர், அவங்க ஆளே வந்து பாப்பாரு.

புளிக்காய்ச்சல்:

அப்டேட். எஞ்சினியர் சொன்ன மாதிரி ஆபீஸ்ல கேட்டேன். அந்தப் பொண்ணு மேனுவல்படி என்ன வேணா பண்ணிக்கோங்கன்னு சொல்லிடுச்சு, பக்கத்துல நின்ன மெயின்டனன்ஸ்காரர்தான் கையெடுத்துக் கும்பிடாத குறையா அத மட்டும் போடாதீங்க, இந்த பில்டிங்ல அது போட்டு கதவு லாக் ஆகி நான் கழட்டின ஓவன் நெறைய இருக்குன்னாரு. பாண்டி உங்க ஆளு போல இருக்கு.

அதனால கைவேலைதான் பண்ணினோம், பண்ணினது வீட்டுக்காரர், தந்தூரி யாருதோ தேய்க்கறதும் அவருதான்னு சொல்லிட்டேன். முதல்ல ஸ்டீம் க்ளீன் போட்டு மேல இளகினத எடுத்தாரு. அப்புறம் அரை கப் பேக்கிங் சோடாவுல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைச்சு, சூடாகற கம்பியை விட்டுட்டு மத்த எடம் முழுக்க அப்பி, ராத்திரி அப்படியே விட்டோம். காலைல பாத்தா வெள்ளையா அப்பினது காபித்தூள் கலர்ல இருந்துச்சு. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால தள்ளத் தள்ள அந்தத் தார் பாளம் பாளமா வந்துச்சு, இடுக்குல மாட்டின சோடாவுக்கு மட்டும் வினிகர் ஸ்ப்ரே பண்ணி நுரைக்க விட்டு தொடச்சாரு. நடு அடில ஒரு கை அளவு எடம் மட்டும் போகல, அங்க மறுபடி பேஸ்ட் வெச்சு இன்னொரு ராத்திரி. இப்போ லேசா ஒரு மஞ்சள் நிழல் இருக்கு, கிரீஸ் இல்ல. கதவு கண்ணாடிக்கும் அதே பேஸ்ட்தான், அது சீக்கிரம் வந்துடுச்சு. மெயின்டனன்ஸ்காரர் வேற வேலையா வந்தப்ப கூப்பிட்டுக் காட்டினேன், விரல வெச்சு அடில தேச்சுப் பாத்துட்டு ஓகேன்னுட்டாரு.

ஸ்காபரோ_அன்ரி:

நல்ல வேலை செய்தீங்கள் தங்கச்சி, மனுசனையும் நல்ல வேலை வாங்கியிருக்கிறீங்கள். புது வீட்டில செல்ஃப் க்ளீன் உள்ள ஓவன் இருந்தா பெட்டியள் பிரிக்க முன்னம் ஒருக்கா திறந்து பாருங்கோ, முன்னம் இருந்தவை ஃபாயிலோ ஸ்ப்ரேயோ மிச்சம் விட்டிருந்தா சும்மா பேக் பண்ணினாலே மணக்கும். அது சரி, ரேக்கை என்ன செய்தனீங்கள்? எனக்கு ஒவ்வொரு முறையும் அதுதான் தலையிடி, சிங்குக்குள்ள கொள்ளாது.

புளிக்காய்ச்சல்:

அன்ரி, பாத் டப்லதான். அடில பழைய துண்டு விரிச்சு அது மேல ரேக்க வெச்சு, நல்ல சுடுதண்ணி முழுக ஊத்தி, டிஷ்வாஷர் பவுடர் அரை கப் போட்டு ராத்திரி ஊற விட்டாச்சு. துண்டு போடலன்னா டப்புல கீறல் விழும், அப்புறம் அதுக்கும் டெபாசிட்ல பிடிப்பாங்க. காலைல பழைய டூத் பிரஷ்ஷால தேச்சதுல பெரும்பாலும் வந்துடுச்சு, கம்பி சேர்ற மூலைல மட்டும் ஸ்டீல் நார் போட வேண்டி இருந்துச்சு. டப்பைக் கழுவ நான் போனப்ப அதுல ஒரு எண்ணெய் வளையம் பிடிச்சிருந்துச்சு, அதுக்கு பாத்திரம் கழுவற சோப்பே போதும். கல்லுதோசை தம்பி, கல்லு இன்னும் பையிலதான் இருக்கு, நாளைக்குப் பிரிக்கறேன், எப்படி வந்துச்சுன்னு தனியா போடறேன்.